ஆறாவது முடிவு

"இந்தப் பாலத்துலேருந்து இன்னும் எத்தன பேரத்தான் தள்ளப் போறீங்க?"

எங்கள் கதைக் கூட்டத்தில் அக்கா முதன்முதலாக வாயைத் திறந்து கேட்டது இதைத்தான். நண்பர் ஒருவர் எழுதிய சிறுகதையில் காதலில் தோற்றவன் கடைசிப் பத்தியில் பினாங்குப் பாலத்துக்குப் போகிறான். முந்திய மாதம் வேறொருவர் கதையில் கைவிடப்பட்ட தாய் ஒருத்தி அங்கே போயிருந்தாள். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாத எங்கள் ஊர் எழுத்தாளர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பாலம் இருந்தது பெரிய வசதி. எல்லாரும் சிரித்தோம். எழுதியவர் சிரிக்கவில்லை, அக்காவும் சிரிக்கவில்லை.

"இது முடிவு இல்ல தம்பி. எழுதுறத நிறுத்திட்டீங்க, அவ்வளவுதான்" என்றார்.

நான் அன்று வீட்டுக்குப் போகும்போது படகில் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். யார் இந்த அம்மா, என்ன அறிவு என்று வியந்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணிக்குச் சூலியா தெருவில் பணமாற்றுக் கடை ஒன்றின் மாடியில் கூடுவோம். கடைக்காரர் பாய் இடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். செருப்பைக் கீழே விட்டு வர வேண்டும், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், வேறு நிபந்தனை இல்லை. எட்டுப் பேர் வருவோம். பக்கத்துக் கடையிலிருந்து மீன்தலைக் கறி வாசனை மேலே வந்து எங்கள் இலக்கியத்தைப் பாடாய்ப் படுத்தும். கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. ஐயா என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவரின் பேரன். நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வருவார்.

சட்டங்கள் அவருடையவை. கதையை நகலெடுக்கும்போது எழுதியவர் பெயரை மறைத்துவிட வேண்டும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வெள்ளைப் பலகையில் ஐயா வரிசையாக எழுதுவார்: கரு, பின்னணி, பாத்திரம், சிக்கல், உச்சம், தீர்வு. அந்த வரிசையில்தான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. இது நிஜமாக நடந்ததா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

"உண்மையா பொய்யா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை. தாளில் இருப்பதைத் தவிர நமக்கு வேறொன்றும் தெரியாது. கதைக்கு வெளியே போகக் கூடாது" என்பார்.

எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். நான் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா. நாள் முழுக்கப் பெட்டி எண்ணும் கப்பல் பெயரும் தட்டச்சு செய்கிறவன். அந்த மாடிக்கு ஏறினால் மட்டும் நான் வேறு ஆள். நோக்குநிலை தடுமாறுகிறது என்பேன், உச்சம் பத்துவரி முன்னாலேயே வந்துவிட்டது என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டில் என் பேச்சுக்கு யாரும் தலையாட்டுவதில்லை.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கலாம். கல்யாணமாகவில்லை. பாயான் லெப்பாஸில் மருத்துவக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை மேசையில் வேலை. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குழாயை உருட்டி உருட்டிப் பார்த்து நல்லது, தள்ளுபடி என்று பிரிக்க வேண்டும். "மனுஷன் உடம்புக்குள்ள போற சாமான் தம்பி. நமக்குப் பிறகு யாரும் பாக்க மாட்டாங்க" என்பார். அவர் ஷிப்டில் தள்ளுபடி அதிகம் என்று மேற்பார்வையாளர்கள் புலம்புவார்களாம். அவர் கண்டுகொள்வதில்லை. கதைகளையும் அப்படித்தான் பார்த்தார். தொடக்கம், நடு எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விளக்குக்குக் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்துப் படிப்பார்.

பாதியில் நின்ற எதையும் அவரால் தாங்க முடியாது. எங்களில் ஒருவரின் அம்மா தவறியபோது எல்லாரும் போயிருந்தோம். "கொடுத்துவச்சவங்க, கஷ்டப்படாமப் போயிட்டாங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் அம்மாவை இழந்த எங்கள் கூட்டத்துப் பெண்ணிடம் போய், "அம்மா கடைசியா என்ன செஞ்சிட்டு இருந்தாங்கம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் ஒயர் கூடையை எடுத்துக் காட்டினாள். மஞ்சளும் பச்சையுமாய் முக்கால்வாசி பின்னியிருந்தது. ஒயர் முனைகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு கிடந்தன. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒயர் கூடை பின்னத் தெரியாது. தொழிற்சாலையில் யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துக் கற்றுக்கொண்டு, அடுத்த மாதம் கைப்பிடி போட்டு முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அன்று கதை ஒன்றும் பேச முடியவில்லை.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்களும் ஒரு கதை எழுதுங்கள் என்று நாங்கள்தான் அவரைத் தூண்டினோம். ஆறேழு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் வேண்டாமென்று போட்ட பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது. நான்தான் தட்டச்சு செய்து, பெயரை எடுத்துவிட்டு நகலெடுத்தேன். அதில் பயன் ஒன்றுமில்லை. யாருடைய கதை என்று எல்லாருக்கும் முதல் வரியிலேயே தெரிந்தது.

ஓர் அக்காளும் தம்பியும் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். அப்பா அம்மா இல்லை. அவள்தான் அவனை வளர்த்தவள். மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து அவன் சாப்பிட உட்காருகிறான். "உக்காந்து திங்க வெக்கமா இல்லையா ஒனக்கு?" என்று அவள் கேட்டுவிடுகிறாள். அவன் தட்டை எடுத்துக் கழுவி வைக்கிறான். பையை எடுத்துக்கொண்டு போகிறான். செருப்பு அலமாரியின் மேலே அவனுடைய ஹெல்மெட் இருக்கிறது. அதை அவன் எடுக்கவில்லை. அதன் பிறகு அவன் வரவேயில்லை.

தட்டைக் கழுவி வைத்தான் என்ற இடத்தை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். அதைச் சொல்லவில்லை. "பாத்திரப்படைப்பு சிறப்பு" என்று சொன்னேன்.

முதல் முடிவில் அவன் தீபாவளிக்கு முதல்நாள் புதுச்சட்டையோடு வந்து கதவைத் தட்டினான். சினிமா என்றோம். எல்லாரும் பேசி முடித்ததும் அக்காவே, "ஆமா, ரொம்ப இனிப்பா போச்சு" என்று ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து இரண்டாவது முடிவு. ஜொகூரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. யார் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்டோம். மூன்றாவதில் அவள் படகில் அவனைப் பார்க்கிறாள், எதிரே போகிற படகில் அவன் நிற்கிறான். தற்செயல் என்று தள்ளினோம். நான்காவதில் அவன் குடும்பத்தோடு எங்கோ நன்றாக இருக்கிறான், அக்காளை மறந்துவிட்டான். இதை நான் ஓரளவு ஏற்றுக்கொண்டேன். அக்காதான் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். "தட்டக் கழுவி வச்சிட்டுப் போற புள்ள மறக்க மாட்டான். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. போகப் போக முணுமுணுப்பு எழுந்தது. "மறுபடியும் அந்தத் தம்பியா" என்று ஒருவர் கொட்டாவி விட்டார்.

அந்தத் தம்பி நிஜம். எங்களுக்குத் தெரியாது என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்ததும் நானும் அக்காவும் படகுத்துறை வரை சேர்ந்து நடப்போம். எனக்குப் படகு, அவருக்கு பாயான் பாருவுக்கு பஸ். இரண்டாவது முடிவு தள்ளுபடியான அன்று பஸ் நிலையத்துக் கடையில் டாப் அப் வாங்கினார். கைப்பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய பழைய பொத்தான் கைப்பேசி ஒன்றை எடுத்து எண்களை அழுத்தினார். அவரிடம் நல்ல கைப்பேசி வேறு இருந்தது.

"இது எதுக்குக்கா இன்னொன்னு? ஒரே லைனா மாத்திக்கலாமில்ல" என்றேன்.

"இந்த நம்பர்தான் அவனுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார். "கதையில வர்றவனுக்குத்தான்" என்றார்.

அவர் அங்கே நின்றார். நான் கேட்பேன் என்றுதான் நின்றார் என்பது எனக்கு அப்போதே தெரியும். எப்போது போனான், எத்தனை வருடம் ஆகிறது, போலீஸில் சொன்னீர்களா, நான் ஏதாவது விசாரிக்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். என் வேலையில் ஜொகூர் துறைமுகம் வரை ஆள் பழக்கம் உண்டு. கேட்கவில்லை. கதைக்கு வெளியே போகக் கூடாது என்ற சட்டத்தைப் பஸ் நிலையம் வரை தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். "கடித உத்தி வேணாம்க்கா, வேற யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடினேன்.

பிறகு பேச்சோடு பேச்சாகச் சில விஷயங்கள் வந்து விழுந்தன. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சித்தி மகள் தன்னோடு வந்து இருக்கும்படி வருடக்கணக்காகக் கூப்பிடுகிறாள், அக்கா போகவில்லை. வீட்டுப் பூட்டு கெட்டுப்போனபோது புதுப் பூட்டு மாற்றாமல் பழையதையே எண்ணெய் விட்டுச் சரிசெய்தார், பழைய சாவி வேறொருவரிடமும் இருக்கிறது என்றார். அதே வீடு, அதே பூட்டு, அதே எண். அவன் எந்த வழியாகத் திரும்பினாலும் வழி அடைபட்டிருக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த மனுஷி ஆறு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாவது முடிவை அவர் கொண்டுவந்தபோது எங்கள் ஆண்டுத் தொகுப்பு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அந்தக் கதை அதில் வர வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். "அச்சுல வந்தா எங்கயாச்சும் யாரு கண்ணுலயாச்சும் படும்லா" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஐந்தாவது முடிவில் ஒன்றும் நடக்காது. அவள் கதவைத் தாழிடாமல் சாத்துகிறாள், ஹெல்மெட்டில் படிந்த தூசியைத் துடைக்கிறாள், விளக்கை எரியவிட்டுப் படுக்கிறாள். அவ்வளவுதான்.

இன்று அதைப் படிக்கும்போது, ஆறு முடிவுகளில் அதுதான் உண்மையான கதை என்று எனக்குத் தெரிகிறது. அன்று ஐயா பலகையில் 'தீர்வு' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கோடு போட்டார். "சிக்கல் இருக்கிறது, உச்சம் இருக்கிறது. தீர்வு இல்லை. நீங்கள் மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன் அம்மா. இது முடியவில்லை" என்றார். பெயர் மறைக்கும் சட்டத்தை அவரே அன்று மறந்துவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "எப்படி முடியலாம்? சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.

"விடை முதல் பக்கத்திலேயே இருக்கு ஐயா. ஹெல்மெட்ட விட்டுட்டுப் போறான்னு எழுதியிருக்காங்க. அது சும்மா வர முடியாது. அது முன்னுணர்த்தல். ஆரம்பத்துல வச்ச பொருளுக்குக் கடைசியில ஒரு வேல இருக்கணும். ஹெல்மெட் இல்லாமப் போனவன் ரோட்டுலதான் போவான். எங்கயோ ஒரு ஊரு, யாரோட மோட்டாரோ, ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு போன். கத அங்கதான் முடியுது."

ஒவ்வொருவராக ஆமாம் ஆமாம் என்றார்கள். கொட்டாவி விட்டவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அப்படி ஒரு பெருமை.

எழுதியவர் பேசக் கூடாது. அக்கா பேசினார்.

"தம்பி, ஹெல்மெட் இருந்தா அப்படித்தான் முடியணுமா?"

"வேற வழியே இல்லக்கா."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

ஐயா கை தூக்கச் சொன்னார். ஏழு கைகள் உயர்ந்தன. அக்கா அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாயை உருட்டிப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று படகுத்துறைக்கு என்னோடு நடக்கவில்லை, கோட்டைப் பக்கம் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிப் போனார். அந்தப் பக்கம் சாமான் வாங்க ஒரு கடையும் கிடையாது.

அடுத்த மாதம் ஆறாவது முடிவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது. அவள் போய்ப் பார்க்கிறாள். துணியை விலக்கியதும், "நெத்தியில சின்ன வயசுத் தழும்பு இருந்துச்சு, வேற எதையும் பாக்க வேண்டியிருக்கல" என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உட்காருகிறாள், உள்ளே அவன் தலைமுடி வாசனை. அங்கே கதை முடிகிறது. ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஐயா பலகையில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அதோடு அக்கா கூட்டத்துக்கு வருவது நின்றது. புத்தகம் வந்தது. அவருடைய கதைதான் முதல் கதை. மூன்று வாரம் கழித்து எனக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "தம்பி, ஞாயிறு வீட்டில் படையல். அவசியம் வரவும்."

பழைய நேர்த்திக்கடன் ஏதோ என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பாயான் பாருவில் ஏழாவது மாடி. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் மேசையில் ஒரு படம், மாலை போட்டிருந்தது, விளக்கு எரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் தழும்பு. படத்துக்குக் கீழே வாழையிலை, சோறு, கோழிக்கறி, இரண்டு டின் சோயா பானம். இலைக்குப் பக்கத்தில் கறுப்பு ஹெல்மெட், அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்.

பழப்பையை வாசலிலேயே வைத்தேன். "அக்கா, செய்தி ஏதும் வந்துச்சா? எப்போ?" என்றேன்.

"செய்தி எங்க வரும்" என்றார் அக்கா. சாம்பிராணிப் புகையைக் கையால் விலக்கிவிட்டார். "எல்லாரும் கையத் தூக்குனீங்களே தம்பி. படிச்சவங்க ஏழு பேரு. எனக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியும்லா."

"அக்கா, அது கதைக்கா."

"எழுதி முடிச்ச அன்னிக்கு ராத்திரி தூங்கினேன் தம்பி. ஆறு வருஷத்துக்குப் பிறகு. படுத்தது தெரியும், எந்திரிச்சது தெரியும். நடுவுல ஒண்ணும் தெரியல."

அவர் முகம் தெளிவாக இருந்தது. அதற்கு முன் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, 'இல்லைக்கா, நான் சும்மா கெட்டிக்காரத்தனம் காட்டினேன்' என்று எவனால் சொல்ல முடியும்? நான் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டார், வீட்டைக் காலி செய்தார், புக்கிட் மெர்தாஜாமுக்கு, சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் ஓடியது. ஐயா காலமானார். அவர் நினைவாகப் பழைய கதைகளைச் சேர்த்துப் புத்தகம் போடலாம் என்று பேச்சு வந்தபோது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எடுத்து அழைத்தேன். என் கைப்பேசியில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு எண்கள் இருந்தன, பழைய பொத்தான் கைப்பேசி எண்ணையும் எப்போதோ அவரே கொடுத்திருந்தார். கவனமில்லாமல் பழையதை அழுத்திவிட்டேன்.

ஒரு மலாய்ப் பையன் எடுத்தான். தவறான எண் என்று மன்னிப்புக் கேட்டேன். நான் வைப்பதற்குள் அவன், "அண்ணே, நீங்களும் அந்த அக்காவைத்தான் தேடுறீங்களா?" என்று மலாயில் கேட்டான்.

டாப் அப் போடாமல் விட்ட எண் காலாவதியாகி, கம்பெனி அதை வேறொருவருக்கு விற்றிருக்கிறது. அவன் அந்த லைனை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் மூன்று முறை ஓர் இந்தியர் கூப்பிட்டிருக்கிறார். எடுத்ததும் 'அக்கா' என்பாராம். அந்தச் சொல் மட்டும் இவனுக்குப் புரிந்திருக்கிறது. தவறான எண் என்றதும் வைத்துவிடுவார். மூன்றாவது முறை, போன தீபாவளி அன்று, வைக்கவில்லை. இந்த எண்ணை வைத்திருந்த அம்மா இருக்கிறாரா என்று மலாயில் கேட்டாராம். எனக்குத் தெரியாது, இது இப்போது என் எண் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் எண்ணை இவன் சேமித்து வைக்கவில்லை. போன மாதம் கைப்பேசியையும் மாற்றிவிட்டான்.

"நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா அண்ணே?" என்று கேட்டான்.

தப்பு உன்னுடையது இல்லை என்றேன். என் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் மறுபடி கூப்பிட்டால் இதைக் கொடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன். சரி என்றான். நல்ல பையன்.

அடுத்த ஞாயிறு மோட்டாரை எடுத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனேன். வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். உடம்பு போட்டிருந்தார். "வாங்க தம்பி, கூட்டம்லாம் நடக்குதா, இன்னும் பாலத்துக்குத்தான் போறாங்களா?" என்று சிரித்தார். சித்தி மகள் கோப்பி கொண்டுவந்தாள். உள்ளே சுவரில் படம், புது மாலை. அதற்கு முன் விளக்கு.

"அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க."

வாய் வரை வந்தது. இருக்கிறான் என்று சொல்லலாம். அடுத்து எங்கே என்று கேட்பார். தெரியாது என்பேன். எந்த எண் என்று கேட்பார். தெரியாது. அந்த எண்ணை நான் ஏன் விட்டேன் தம்பி என்று கேட்பார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. இந்தத் தூக்கத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டு, கையில் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இப்படியெல்லாம் நியாயம் சொல்லிக்கொள்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அதுதான் நிஜம்.

"ஐயா தவறிட்டாரு. ஒங்க கதைய மறுபடி போடலாமான்னு கேக்க வந்தேன்."

"போட்டுக்குங்க" என்றார். கிளம்பும்போது உள்ளே போய் அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை எடுத்துவந்தார். "இது இங்க எடத்த அடைக்குது. நீங்க மோட்டார் ஓட்டுறவரு, வச்சுக்குங்க. நல்ல சாமான், அதிகம் போடவே இல்ல."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"பாவம், மோட்டார முந்தின வாரமே வித்துட்டான்" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். "மோட்டார் இல்ல, அப்புறம் ஹெல்மெட் எதுக்கு? அதான் வச்சிட்டுப் போனான்."

"கதையில அத எழுதலையேக்கா."

"அது எதுக்கு கதைக்கு?" என்றார்.

ஹெல்மெட்டை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அது எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேலே இருக்கிறது. அதன் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. அலுவலகத்தில் மலிவாகப் புது லைன் கொடுத்தார்கள், நான் மாற்றிக்கொள்ளவில்லை. தெரியாத எண் எது வந்தாலும் எடுக்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்கள், காப்புறுதி விற்பவர்கள், தவறாக அழுத்தியவர்கள். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் எடுக்கிறேன் என்று என் மனைவி கோபிக்கிறாள். எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. அவன் வைத்துவிடுவானோ என்று பயம்.

"அக்கா இருக்காங்க" என்றுதான் முதலில் சொல்கிறேன்.